பினாங்கில் தனியாக ஒரு நடைச் சுற்றுலா: காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

மலேசியாவின் பினாங்கில் ‘பினாங்கு’ என்றே பெயர் வைத்த சாலைகள் இரண்டு உண்டு. ஒன்று லெபு பினாங், இன்னொன்று ஜாலான் பினாங். முதலாவது பினாங்கு ஸ்ட்ரீட். நம் ஊர்களிலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார், கிட்டங்கி (பல வட்டிக்கடைகள் சேர்ந்திருக்கும் கட்டடம்) போட்டிருந்த தெரு அது. நகரத்தாரின் கோயில் வீடும் அங்கேதான். இரண்டாவது பினாங்கு ரோடு. ஹோட்டல்களும் செண்டோல் என்ற குளிர் இனிப்புக் கடையுமாக எப்போதும் வண்டிச்சத்தம் கேட்கும் பெரிய சாலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கக் கால்மணி நேரம் ஆகும். காலை 9 மணி நடைக்கு ‘பினாங்குத் தெருவில் சந்திப்போம்’ என்று செய்தி வந்திருக்கும். வாடகை வண்டிக்காரர் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் இங்கே நிற்க, கூட்டம் அங்கே பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். நாலு பேராகப் போனால் ஒருவராவது வரைபடத்தைப் பார்த்திருப்பார். தனியாகப் போகிறவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்.

ஆகவே புறப்படும் முன்பே நாலு மலாய்ச் சொற்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. லெபு என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து. நான்காவது ‘காட்’. கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது தெருக்களைக் கடல்வரை நீட்டினார்கள். அந்த நீட்டலுக்குத்தான் இந்தப் பெயர். வடநாட்டுப் படித்துறைக்குச் சொல்லும் ‘காட்’ இங்கே வந்து தெருப்பெயரில் ஒட்டிக்கொண்டது. லெபு சூலியாவும் காட் லெபு சூலியாவும் ஒரே கோட்டில் இருந்தாலும் முகவரி வேறு. பிட் ஸ்ட்ரீட் என்று பழைய ஆட்கள் சொல்வதும், பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று இருப்பதும் ஒரே இடம். சந்திக்கும் இடத்தைத் தெருப்பெயரில் வாங்காதீர்கள். எந்தக் கட்டடத்தின் எந்த வாசல் என்று கேட்டு, வரைபடத்தில் குத்திய புள்ளியை அனுப்பச் சொல்லுங்கள்.

எந்த வகைச் சுற்றுலா

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய நகரம் 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பார்க்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றரைச் சதுரக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதைப் பேருந்தில் சுற்றுவது, காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற மாதிரி. அரைநாள் பேருந்துச் சுற்றுலாக்களில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சாக்லேட் கடை, பத்திக் துணிக் கடை என்று நிறுத்திக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு கடையிலும் அரைமணி, முக்கால்மணி போய்விடும். கடையிலிருந்து தரகு வருவதால்தான் சுற்றுலா விலை அவ்வளவு குறைவு. பணம் கட்டும் முன் ‘எத்தனை கடையில் நிறுத்துவீர்கள்?’ என்று கேளுங்கள். சுற்றிவளைத்துப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நடைச் சுற்றுலாவில் இரண்டு ரகம் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பல பேரைச் சேர்த்து நடத்துவது ஒன்று. ஒரு குழுவுக்கு மொத்தமாக இவ்வளவு என்று வாங்குவது மற்றொன்று. இரண்டாவதில் ஒரு ஆள் போனாலும் ஆறு பேர் போனாலும் தொகை மாறாது என்பதால் தனி ஆளுக்குக் கட்டாது. முதலாவதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘குறைந்தது 2 பேர்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒருவராகப் பதிவு செய்தால் இரண்டு பேர் தொகையைக் கட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் வேறு ஆள் சேராதபோது முதல்நாள் இரவு ரத்து செய்வார்கள். இதற்காகவே மாதத்துக்கு முன்னால் பதிவு செய்ய வேண்டாம். பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ‘இந்தத் தேதிக்கு ஏற்கெனவே ஆள் சேர்ந்திருக்கிறதா?’ என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டு, ஆமாம் என்ற நாளில் நுழைந்துகொள்ளுங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் போக முடியாது. சனி, ஞாயிறு என்றால் ஆர்மீனியன் தெருவில் நிற்க இடம் இருக்காது.

நேரம் அதைவிட முக்கியம். 9 மணிக்குத் தொடங்கும் நடையைத்தான் பிடிக்க வேண்டும். கோயில்கள் நம்மூர் மாதிரியே நண்பகலில் நடை சாத்திவிடும். 10.30-க்குத் தொடங்கும் குழு மாரியம்மன் கோயிலுக்கு வந்து சேரும்போது கதவு மூடியிருந்தால் கோபுரத்தை வெளியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். அதற்காக 7 மணிக்கே தொடங்கச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆனால் சூரியன் அவ்வளவு முன்னால் வருவதில்லை. ஏழு மணிக்கு அங்கே இன்னும் இருட்டு கலையாமல் இருக்கும்.

வழிகாட்டியின் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பாருங்கள். மலேசியாவில் வழிகாட்ட அரசு உரிமம் வேண்டும். நகரச் சுற்றுலாவுக்கு நீலப் பட்டை. ‘இலவச நடை’ என்று வருகிறவற்றிலும் இதைக் கேட்கலாம், தப்பில்லை. இலவசம் என்பது பெயருக்குத்தான். கடைசியில் கையில் வைக்கிற பணத்தில்தான் அவர் பிழைப்பு நடக்கிறது. மூன்று மணி நேரம் நன்றாகச் சொல்லிக் கூட்டிப்போனவருக்கு 20, 30 ரிங்கிட் கொடுப்பது முறை. தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டுமென்றால் பதிவின்போதே கேட்க வேண்டும். கிடைத்தால் தவற விடாதீர்கள். மலேசியத் தமிழில் காலை உணவைப் ‘பசியாறுவது’ என்றுதான் சொல்வார்கள். ‘பசியாறியாச்சா?’ என்ற கேள்வியை நம் ஊர் ஆச்சிமார் வாயில் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த இடத்திலேயே பாதி அந்நியம் போய்விடும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

காகித வேலை குறைவுதான், ஆனால் தனியாள் என்பதால் ஒன்றையும் விடக்கூடாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரையிலான சுற்றுலாவுக்கு மலேசியா விசா கேட்பதில்லை. இந்தச் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை உண்டு. கடவுச்சீட்டில் ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற பக்கம் எதுவாக இருந்தாலும் அது குடிநுழைவுத் துறையின் பக்கம் அல்ல. தேடலில் முதலில் வந்து நிற்பதே சில நேரம் அந்த மாதிரிப் பக்கம்தான்.

கடவுச்சீட்டில் ‘இசிஆர்’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் காட்டாமல் எடுத்தவர்களுக்கு இது இருக்கும். இந்த முத்திரையோடு வேலைக்குப் போகிறவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது. அதனால் சுற்றுலாவுக்குத் தனியாகப் போகிறேன் என்று இந்தக் கடவுச்சீட்டோடு நின்றால் திருச்சியிலேயே கேள்வி நீளும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் முன்கூட்டியே மறுவெளியீட்டுக்குக் கொடுத்து முத்திரையை நீக்கிக்கொள்வது நல்லது. 50 வயது தாண்டியவர்களுக்கும் நீக்கிக் கொடுப்பார்கள்.

அந்தப் பக்கம் இறங்கியதும் குடிநுழைவு மேசையில் தனியாக வரும் இளைஞர்களிடம் கூடுதலாகக் கேட்பார்கள். சுற்றுலா என்று வந்து வேலைக்குத் தங்கிவிடுகிறவர்கள் இருப்பதுதான் காரணம். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, நடைச் சுற்றுலாப் பதிவு ஆகியவற்றைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் சந்தேகம் வளர்கிறது. எத்தனை நாள், எங்கே தங்கல், என்ன பார்க்கப் போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் ஒரு வரியில் பதில் போதும். ‘சொந்தக்காரர் இருக்கிறார், பார்ப்போம்’ என்று இழுத்தால் தனி அறைக்குக் கூப்பிடுவார்கள்.

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் போக ஊருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. புதுக்கோட்டை வழியாகப் போகும் பேருந்து விமான நிலையத்தைத் தாண்டித்தான் திருச்சிக்குள் நுழைகிறது. 80, 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நடத்துநரிடம் ஏறும்போதே ‘ஏர்போர்ட்டில் இறங்கணும்ணே’ என்று சொல்லிவிடுங்கள். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. பிறகு பினாங்குக்கு உள்நாட்டு விமானம், ஒரு மணி நேரம். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் கோலாலம்பூரில் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ 2024 டிசம்பரில் நேர் விமானம் தொடங்கியது. எதில் போனாலும் இரவு விமானமென்றால் இறங்குகிற அன்று காலை நடையைப் போடாதீர்கள். தூக்கமில்லாத கண்ணோடு மூன்று மணி நேரம் நடந்தால் எந்தக் கோயில் எங்கே இருந்தது என்பதுகூட மறுநாள் நினைவிருக்காது.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். அங்கே போன பின் திறக்கலாம் என்று விட்டால், ஓடிபி வருகிற இந்திய எண் ரோமிங்கில் இல்லாமல் தவிப்பீர்கள். ஆகவே இந்திய சிம்மைக் கழற்றாமல் ரோமிங் போட்டு வைத்து, இணையத்துக்கு அங்கே ஒரு சிம்மோ இ-சிம்மோ வாங்குங்கள். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது கருவி ‘ரூபாயிலா, ரிங்கிட்டிலா?’ என்று கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று மனதில் வைத்துக்கொண்டால் விலை பார்க்கச் சுலபம். விமான நிலையத்தில் வண்டிக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியைப் பள்ளிவாசல் தெருவில் (பிட் ஸ்ட்ரீட்) வரிசையாக இருக்கும் பணமாற்றுக் கடைகளில் மாற்றலாம். தமிழிலேயே விகிதம் கேட்கலாம். இரண்டு கடை கேட்டுவிட்டு மூன்றாவதில் கொடுங்கள்.

மசாலாப் பொடி கட்டிக்கொண்டு போகிற வழக்கம் நமக்கு உண்டு. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கசகசா சேர்ந்த எதையும் எடுக்க வேண்டாம். அங்கே அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

நடை

வழக்கமான பாதை கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் தொடங்கும். 1786-ல் பிரான்சிஸ் லைட் இறங்கிய கதை, விக்டோரியா மணிக்கூண்டு, 1818-ல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், ராணி தெரு என்று ஆங்கிலேயர் பெயர் வைத்த குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியா, 1801-ல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கூ கொங்சி என்ற சீனக் குலக்கூடம், ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்கள், கடைசியில் கடல்மேல் கட்டைகளில் நிற்கும் சியூ ஜெட்டி வீடுகள். எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நின்று நின்று போவதால் கால் கடுக்கும்.

நமக்கு வெயில் புதிதில்லை என்று தொப்பி இல்லாமல் கிளம்புகிறவர்கள் உண்டு. பினாங்கில் வெப்பமானி பெரும்பாலும் 32-க்கு அக்கம்பக்கம்தான் நிற்கும், காரைக்குடிச் சித்திரையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வேர்வை காய்வதில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் பத்தரை மணிக்கெல்லாம் தலை கனக்கும். ஒரு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு. இதைவிட உதவுவது வேறில்லை. குடையை மழைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள்.

காலில் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையை அங்கே தமிழில் ‘அஞ்சடி’ என்பார்கள். ஐந்தடி அகலம் விட வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து வந்த பெயர். வழி ஒன்றுதான் என்றாலும் தரை ஒன்றல்ல. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்குத் தன் இஷ்ட உயரத்தில் தளம் போட்டிருக்கிறார். இந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அரையடி இறங்கும், அதற்கடுத்ததில் நாலு விரற்கடை ஏறும். விளிம்பில் மூடாத வடிகால் இருக்கும். சில இடத்தில் பூப்போட்ட பழைய ஓடு, மழை பட்டால் வழுக்கும். வழிகாட்டி மேலே கைகாட்டிப் பேசுவார், எல்லோரும் மேலே பார்த்தபடி நடப்பார்கள், அந்த நேரத்தில்தான் கணுக்கால் பிசகும். தனியாக வந்தவருக்குக் கால் பிசகினால் பயணமே முடிந்தது. நடக்கும்போது தரையைப் பாருங்கள், நின்ற பிறகு மேலே பாருங்கள். கயிறு கட்டுகிற பூட்ஸ் வேண்டாம். கோயில், பள்ளிவாசல் என்று நாலைந்து தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். பின்பக்கம் வார் வைத்த, அடியில் பிடிமானமுள்ள செருப்புப் போதும். ஒரு ஜோடி காலுறையைப் பையில் வையுங்கள். நண்பகலுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் முற்றத்துக் கல் கொதிக்கும்.

தனியாள் குழுவிலிருந்து விடுபடுவது ஏன் அடிக்கடி நடக்கிறது? ஜோடியாக வந்தவர்களில் ஒருவர் பின்தங்கினால் மற்றவர் சத்தம் போடுவார். உங்களுக்காகச் சத்தம் போட ஆளில்லை. வழிகாட்டி தலையை எண்ணுவார்தான், ஆனால் சாலையைக் கடக்கும் அவசரத்தில் வழியில் வந்த வேற்று ஆளையும் சேர்த்து எண்ணிவிடுவார். ஆகவே தொடக்கத்திலேயே பெயரைச் சொல்லி, ‘நான் தனியா வந்திருக்கேண்ணே, கழிவறைக்குப் போனா உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் எண்ணை அங்கேயே கைப்பேசியில் பதிந்து, ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது அவருக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக வாருங்கள். அப்படியும் தவறிவிட்டால் தேடி ஓடாமல், குழு கடைசியாக நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய் நில்லுங்கள். அவர் தேடி வருகிற முதல் இடம் அதுதான். கழிவறைக்குச் சில்லறைக் காசு தேவைப்படும். 20, 50 சென் நாணயங்கள் நாலைந்து சட்டைப்பையில் இருக்கட்டும்.

தனியாக வந்ததில் லாபமும் இங்கேதான். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே வழிகாட்டியோடு பக்கத்தில் நடந்து பேச முடிவது உங்களால் மட்டும்தான். ஜோடிகள் தங்களுக்குள் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்த ஐந்து நிமிடங்களில் கேட்டு வாங்குவதுதான் நடையின் உண்மையான சரக்கு.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் என்ன கேட்பது

பெரும்பாலான குழுக்கள் இந்தத் தெருவை மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். ‘இங்கே தென்னிந்திய வட்டிக்காரர்கள் இருந்தார்கள்’ என்று ஒரு வரி, அப்புறம் சுவரோவியம். செட்டிநாட்டிலிருந்து போகிறவர் இங்கே நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்: ‘அண்ணே, கிட்டங்கிக் கட்டடம் எதையாவது உள்ளே பார்க்க முடியுமா? வாசலில் நின்னு பார்த்தாலும் போதும்.’ பல கை மாறிவிட்டன, கடையாகிவிட்டன. என்றாலும் கட்டட அமைப்பு மாறவில்லை, அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முன்பக்கம் பதினாறு, பதினெட்டு அடி அகலம்; உள்ளே நீளம் நூறு அடிக்கு மேல். நடுவில் தடுப்பே இல்லாத நெடுங்கூடம். இரண்டு பக்கச் சுவரை ஒட்டியும் வரிசையாக மரப்பெட்டிகள். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, இவ்வளவுதான் ஒரு விலாசத்தின், அதாவது ஒரு வட்டி நிறுவனத்தின், முழுக் கடை. முதலெழுத்துகளை வரிசையாக அடுக்கிய அந்த விலாசங்கள் ஐந்தாறோ பத்தோ ஒரே கூரையின் கீழ் இருந்தன. மேலாள் (கடைப் பொறுப்பாளர்) தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அடுத்தாள், காலடியில் பெட்டியடிப் பையன். அறை கிடையாது, கதவு கிடையாது. ஒருவர் பேசும் வட்டி அடுத்தவர் காதில் விழும். மாடியில் படுக்கை, பின்கட்டில் பொதுச் சமையல். பெரும்பாலும் மூன்று ஆண்டு முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

ஊரில் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று இருபுறமும் தெருவைத் தொடும் வீட்டைக் கட்டிய மனிதர், அந்தப் பணத்தைச் சம்பாதித்தது ஒரு பாய் அகலத்தில். வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்கு இந்த மறுபாதி தெரியாது. கானாடுகாத்தானையும் தேவகோட்டையையும் பார்த்தவர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். நல்ல வழிகாட்டி குறித்தும் வைத்துக்கொள்வார்.

கூடத்தின் நடுவே மேலே திறந்த ஒரு பகுதி இருக்கும். கடைவீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் பக்கச் சுவரில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வர வேண்டும். நம் வளவு முற்றத்தின் வேலையேதான், ஆனால் அகலமில்லாமல் கிணறு மாதிரி உயர்ந்து போகும். அடியில் தரை ஒரு படி தாழ்ந்து கல் பாவியிருக்கும், மூலையில் நீர் போக ஒரு துளை. சுவரின் கீழ்ப்பகுதியில் பளபளப்பான பூ ஓடுகள் பதித்திருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானிலிருந்து வந்த இந்த வகை ஓடுகள் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களிலும் உண்டு. ஆத்தங்குடிக் கல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆத்தங்குடி சிமெண்டில் செய்து கண்ணாடிமேல் வார்த்து எடுப்பது, சுடுவதில்லை, தரைக்குப் போடுவது. இது சுட்ட ஓடு, பூ கொஞ்சம் புடைத்து நிற்கும். விரலால் தடவினால் தெரிந்துவிடும்.

கோயில் வீடு இதே தெருவில்தான். தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளித்தேர் இங்கிருந்து புறப்பட்டு, வாட்டர்ஃபால் ரோட்டில் 1857-ல் எழுந்த நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். அந்த நாட்களில் நடைச் சுற்றுலாவின் பாதை மாறும், அறை வாடகை ஏறும். தேரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் நடையை அதற்கு மூன்று நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

நடை முடிகிற நேரம் சரியாகச் சாப்பாட்டு நேரம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நாசி கண்டார் (சோறும் பல குழம்பும்) கடையில் விலைப்பட்டியல் இருக்காது. சோற்றைத் தட்டில் வைத்து, நீங்கள் காட்டுகிறதை எல்லாம் எடுத்துப் போட்டு, கடைசியில் தட்டைப் பார்த்துத் தொகை சொல்வார்கள். கோழியும் முட்டையும் என்றால் பயமில்லை. பெரிய இறால், கணவாய், மீன்முட்டை இவற்றை எடுக்கும் முன் ‘இது எவ்வளவு பாய்?’ என்று கேட்டுவிடுங்கள். ‘குவா சம்போர்’ என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவது, ‘பஞ்சிர்’ என்றால் சோறு மிதக்க ஊற்றுவது. நம் நாக்குக்கு இனிப்புத் தூக்கலாகவே படும். உப்பும் மிளகும் தேடாதீர்கள்.

சைவக்காரர்களுக்குத்தான் எச்சரிக்கை. கீரை வதக்கல், காய்க் கலவை என்று பச்சையாகத் தெரிகிற பலவற்றில் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும். பழங்களை வெட்டிப் போடுகிற ரோஜாக்கின் சாந்திலும் இறால் விழுது உண்டு. ‘இறைச்சி இல்லை’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல, அவர் கணக்கில் இறால் விழுது மசாலா. ‘பெலாச்சான் இருக்கா, காய்ந்த இறால் இருக்கா?’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கிறது. அங்கே இந்தக் கவலை குறைவு.

நடைக்கு மறுநாள்

வழிகாட்டியோடு போவது ஒரு தெருவைப் பார்க்க மட்டுமல்ல, மறுநாள் அதே தெருவுக்குத் தனியாக வரத் தெரிந்துகொள்ளவும்தான். தங்கல் மூன்று இரவாவது இருந்தால் முதல் முழுநாளில் நடை, இரண்டாம் நாள் அதே பாதையில் பின்னோக்கி உங்கள் வேகத்தில் ஒரு சுற்று. சூலியா தெருவும் கிங் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் இருக்கும் நாகூர் தர்காவைக் குழு தாண்டிப் போயிருக்கும், அதைப் பார்க்கலாம். சியூ ஜெட்டிக்குக் காலையிலேயே போகலாம், ஆனால் அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். சைக்கிள் சிறுவர் ஓவியத்துக்கு முன்னால் வரிசை இல்லாத நேரம் காலை எட்டு மணிக்குள்.

தண்டாயுதபாணி கோயில் பழைய நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர். தாவரவியல் பூங்காவுக்குப் போகும் 10-ஆம் எண் பேருந்து அந்தப் பக்கம் போகிறது. சரியான சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குப் போனால் தரிசனம் முடித்து, பக்கத்து மலைக்கோயிலின் 513 படிகளையும் வெயில் ஏறும் முன் ஏறி இறங்கிவிடலாம். பழைய நகரத்துக்குள் சுற்ற இலவச ‘கேட்’ (CAT) பேருந்து இருக்கிறது. மாலையில் கூட்டம் நெருக்கும் என்பதால் பர்ஸை முன்பையில் வையுங்கள்.

அறைக் கணக்கு தீர்க்கும்போது வெளிநாட்டவருக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். முன்பே இணையத்தில் கட்டியாயிற்று என்று வாதாட வேண்டாம். பல நேரம் அது பதிவுத் தொகையில் சேராது. கடைசி இரவுக்கு அந்தச் சில்லறையை எடுத்து வைத்துவிட்டு, மீதி ரிங்கிட்டைப் பள்ளிவாசல் தெருவிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டைச் சாலைக்கு வந்தால் காரைக்குடிப் பேருந்துக்குக் கொடுக்க ரூபாய்தான் வேண்டும்.